கல் சுட்ட மத்தியானம்

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, வருடம் சரியாக நினைவில்லை. சித்திரை வெயில் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தையும் வீட்டையும் ஒரே நாளில் விட்டவன் நான். லாரியில் கிளீனர், செங்கல் சூளை, கரும்பு வெட்டு, பெங்களூரில் ஓட்டல் அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுசாகத் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போகவேண்டும் போலிருக்கும், போய்விடுவேன். பசி, காய்ச்சல், பஸ் ஸ்டாண்டில் படுக்கை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் இருந்தபோது இலவச முகாம் ஒன்றில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எந்த ஊருக்குப் போனாலும் மருந்துக்கடையில் அதை நீட்டினால் மாத்திரை கிடைத்தது. ஏழு வருடம் ஒரு வேளை தவறாமல் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மறுபடி ஒரு டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

பட்டறையில் என் வேலை சாயம் ஏறிய பட்டு நூலைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மூங்கிலில் உதறிக் காயப்போடுவது. தங்கலும் பட்டறையிலேயே. மத்தியானச் சாப்பாடு பக்கத்துப் பெரிய கோயிலில். அங்கே அன்னதானம் போட ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சாம்பார் சாதம், ரசம், மோர். வழக்கத்துக்கு மாறாக இந்த ஊரில் நான் இரண்டு வருடமாக இருந்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் முன் சும்மா சன்னிதி எதிரில் போய் நின்றேன். பக்தி கிக்தி எல்லாம் எனக்கு அதுவரை கிடையாது. எல்லாரும் கும்பிடுகிறார்களே என்று கையைத் தலைக்கு மேல் குவித்துக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான், தரை என்னை விட்டுப் போய்விட்டது. யாரோ தோளைப் பிடித்து அசைப்பது போல உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண்ணைத் திறந்தேன், நின்றது. மறுபடி மூடினேன், மறுபடி ஆடியது. பக்கத்தில் நின்ற ஆள் என்னைத் தாங்கிப் பிடித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே என்னைக் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. முப்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றியவனை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. கிளம்பலாம் என்ற எண்ணமே அதற்குப் பிறகு எழவில்லை.

முதலில் சொன்ன அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. வெளிப் பிராகாரத்துக் கல் உச்சி வெயிலில் தோசைக் கல்லாக இருக்கும். நடப்பதற்காகத் தேங்காய் நார் விரிப்பு போட்டிருப்பார்கள். அதிலும் ஜனங்கள் குதித்துக் குதித்துத்தான் ஓடுவார்கள். நான் ஒரு நாள் ஏதோ யோசனையில் விரிப்பை விட்டு வெறும் கல்லில் நிதானமாக நடந்து போயிருக்கிறேன். பாதிச் சுற்று வந்த பிறகுதான் எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிந்தது. காலில் சூடே இல்லை. பஞ்சில் மிதிப்பது போலிருந்தது.

நாக்கில் காரம் பட்டால் எரிந்ததால் கறி, மீனை எல்லாம் எப்போதோ விட்டிருந்தேன். ருசி அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பழைய முகங்களும் ஊர்ப் பெயர்களும் மறந்துபோயின. பற்று விட்டது என்று நினைத்தேன். பட்டறையில் எல்லாரும் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது.

ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம், நான் ஆடி முடித்து நின்றபோது, கைக்குழந்தையை என்னிடம் நீட்டியது. தலையில் கை வைத்தேன். குழந்தையின் முடி என் விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் கை தலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். அப்போது ஒரு நொடி திடுக்கென்றது. ஆனால் அந்தத் தாய் கண்ணீரோடு நின்றாள். நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

பட்டறை மேஸ்திரிக்குத் தாமல் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி வைத்திருந்தார்கள். கரகம் எடுக்கும் பூசாரிக்குப் பின்னால் முதல் ஆளாக நான் இறங்கவேண்டும் என்று மேஸ்திரி ஊரில் பேசி முடித்துவிட்டு வந்தார்.

“வெயில்ல கல்லுமேல நடக்கற காலு சாமி அது. நெருப்பு இன்னா பண்ணும்?” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஊருக்குப் போய் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தேன். காப்புக் கட்டிவிட்டால் திரும்ப முடியாது. தீமிதிக்குப் பத்து நாள் இருந்தது.

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். யார் எவ்வளவு பெரிய ஆளாக வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். காப்புக் கட்டிக்கொண்டு வந்த மறுநாள் மத்தியானம், செருப்பைக் கழற்ற அவர் முன்னால் நின்றேன்.

“இன்னா சாமி, ஒரு செருப்புதான் கொண்டாந்தியா?”

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவே இல்லை.

“தோ, அந்தப் பூக்கட கிட்ட கெடக்குது பாரு. அங்கருந்து ஒத்தச் செருப்போட வந்துகினு இருக்கற. நானும் பாத்துகினே இருக்கறேன், எப்பதான் தெரியும் இந்த ஆளுக்குன்னு.”

“கவனிக்கலம்மா” என்றேன்.

“இது மூணாவது தபா. போன வாரம் கரண்ட் போச்சே, மண்டபத்துல நீ செவுத்தக் கெட்டியா புடிச்சிகினு நின்னத நான் பாத்தேன். அருள் வந்தவனுக்கு இருட்டுல பயமா?”

எனக்குக் கோபம் வந்தது. காப்புக் கட்டியிருக்கிறேன், தீ மிதிக்கப் போகிறேன், மரியாதையாகப் பேசு என்றேன். அந்தம்மா மணிக்கட்டில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார்.

“இங்க நில்லு. காலச் சேத்து வெச்சி நில்லு. கண்ண மூடு.”

“எதுக்கு?”

“மூடு சாமி. ஒரு நிமிசம்.”

மூடினேன். தரை போனது. முன்னும் பின்னும் ஆடி, ஒரு பக்கமாகச் சரிந்தேன். அந்தம்மா இரண்டு கையாலும் என் புஜத்தைப் பிடித்து நிறுத்தினார்.

“இப்பக் கண்ணத் தொற. எதிர்ல இன்னா இருக்குது?”

எதிரில் மரத் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் செருப்புகள்.

“செருப்பப் பாத்தா உனக்கு அருள் வருது” என்றார். அவர் சிரிக்கவில்லை. “எங்க வூட்டுக்காரரு தறி நெய்யறவரு. சர்க்கர. கால்ல ஆணி ஏறி மூணு நாளு அதோடயே நடந்துகினு இருந்தாரு, தெரில. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. நீ சர்க்கர மாத்திர போடறியா?”

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினேன். பயம் பாதி, வெட்கம் பாதி. இரண்டு வருடமாக எனக்குள் இருந்த ஒருவர் எழுந்து வெளியே போவது போலிருந்தது. அழுகை வந்ததை மறைக்க ஒற்றைச் செருப்பை எடுக்கப் போனேன்.

மறுநாள் காலை அவரே என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கணவருக்கு மாத்திரை வாங்கப் போய்ப் பழகிய இடம். எங்கள் முறை வந்தபோது உள்ளே சின்ன வயதுப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். வெளியே நூறு பேர் நின்றார்கள், ஆனாலும் அவசரப்படவில்லை. நாக்கை நீட்டச் சொன்னார். என் நாக்கைக் கண்ணாடியில் நான் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். “வழுவழுன்னு சிவந்து கிடக்கு, எரியுதா?” என்று கேட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார், ஆடினேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இரும்பில் செய்த கவை ஒன்றை எடுத்தார். கவண் குச்சி போல இரண்டு முள், கீழே ஒரு காம்பு. அதைக் கையில் தட்டினார். ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டது. காம்பை என் நெற்றியில் வைத்தார். மண்டை முழுக்க ஓடியது. கால் கட்டைவிரலில் வைத்தார்.

“தெரியுதா?”

காதில் கேட்டது. விரலில் ஒன்றுமில்லை. கணுக்காலில் வைத்தார், இல்லை. முழங்கால் சில்லில் வைத்தபோதுதான் மெதுவாக, எங்கோ பக்கத்துத் தெருவில் மேளம் அடிப்பது போலத் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்தது என் கால்தான். அதில் நான் இல்லை.

“எத்தனை வருஷமா இந்த மாத்திரை?”

“ஏழு.”

“நடுவுல யார்கிட்டயும் காட்டலையா? என்ன சாப்பிடறீங்க?”

சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் பொதுவாகப் பேசினார்.

“கரண்ட் ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்கும்ல, அது மாதிரி நரம்புக்கும் ஒண்ணு இருக்கு. அது கெடாம இருக்க பி-12னு ஒரு வைட்டமின் வேணும். ரொம்பக் கொஞ்சம் போதும், ஒரு உப்புத் தூள்ல ஒரு துணுக்கு. கறி, மீன், முட்டை, பால்ல இருக்கும். நீங்க போடற மெட்ஃபார்மின் நல்ல மாத்திரைதான், சர்க்கரையைக் கட்டுல வைக்குது. ஆனா வருஷக்கணக்கா போட்டா சில பேருக்கு அந்த வைட்டமினைக் குடல் சரியா இழுத்துக்காது. உங்களுக்குச் சாப்பாட்டுலயும் அது ரொம்பக் கம்மி, உள்ள போறதும் ஒட்டல.”

“சர்க்கரக்காரங்களுக்குக் கால் மரத்துத்தானே போவும் டாக்டரம்மா? எல்லாரும் அதத்தான சொன்னாங்க” என்றார் டோக்கன்காரம்மா.

“அதுவும் உண்டு. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். சர்க்கரைன்னு சொல்லிட்டு இதை யாரும் தேடறதில்ல. ஆனா இது கொடுத்தா திரும்பி வரக்கூடியது.”

அந்தம்மா, “எங்க வூட்டுக்காரருக்கு அப்பவே இதப் பாத்திருந்தா?” என்று கேட்டார்.

டாக்டர் அவரை நேராகப் பார்த்தார். “அது எனக்குத் தெரியாதும்மா. இன்னொரு கால் இருக்குல்ல? கூட்டிட்டு வாங்க.”

ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டாம் என்று அன்றே ஊசி. மருந்தை ஊசியில் இழுத்தபோது பார்த்தேன். நல்ல சிவப்பு. பட்டறையில் அரக்குச் சாயத்தை முதல் தண்ணீரில் அலசும்போது ஓடும் அதே நிறம். ஒரு வாரம் தினமும், பிறகு வாரம் ஒன்று, அதற்குப் பிறகு மாதம் ஒன்று என்று எழுதினார். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். டோக்கன்காரம்மா சொன்னார். டாக்டர் என்னைத் திட்டவில்லை.

“உள்ள இறங்கி நடுவுல கண்ணை மூடிக் கும்பிட்டீங்கன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?” என்றார். யோசித்தேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னால் வேலை போகும், ஊரில் சொன்னால் உதை விழும் என்று தோன்றியது. என் பழைய வழக்கப்படி, சொல்லாமல் ஒரு பஸ் ஏறிப் போயிருப்பேன். சட்டையைக்கூட எடுத்து வைத்தேன். ஊசி இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்ததால் போகவில்லை. இதுதான் உண்மை, இதில் வீரம் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் மேஸ்திரியோடு அவர் ஊருக்குப் போனேன். பூசாரி தீமிதிக் குண்டத்துக்குக் கட்டை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், அவர் வேலை கிணறு வெட்டுவது. என்னிடம் அருள் எதுவும் இல்லை, காலில் உணர்ச்சி இல்லை, அதனால்தான் கல் சுடவில்லை என்று சொன்னேன். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஊர்ல நான் எப்படிப்பா தல காட்டறது?”

பூசாரி என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைத் தூக்கி, பாதத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். சாதாரணமான பாதம். வெடிப்பு இருந்தது.

“இருவது வருசமா எறங்கறேன்பா. ஒவ்வொரு தபாவும் சுடும். சுடும்னு தெரிஞ்சிகினேதான் எறங்கறது. ஒனக்குத் தெரியவே தெரியாதுன்னா, நீ அம்மனுக்கு இன்னாத்தக் குடுக்கப் போற?”

இருபது வருடமும் அவருக்குச் சுட்டது என்பது எனக்குப் பெரிய செய்தி. தீ மிதிக்கிறவர்களுக்குச் சுடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காப்பை அவர் அவிழ்க்கவில்லை. “இருக்கட்டும். வேற வேல இருக்குது” என்றார். குண்டத்தின் கடைசியில் பால்குழி என்று ஒன்று வெட்டுவார்கள். நெருப்பைத் தாண்டி வருகிறவர்கள் அந்தப் பாலில் கால் வைத்துத்தான் ஏறவேண்டும். அந்தக் குழிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டையில் என்னை உட்காரவைத்து, வருகிறவர்கள் கையைப் பிடித்து ஏற்றிவிடச் சொன்னார்கள்.

தீமிதி அன்று பொழுது சாயும்போது ஆரம்பித்தது. கரகம் முன்னால் வர, மஞ்சள் உடுத்திய ஜனங்கள் பின்னால் வந்தார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் இரண்டு முழத் தூரத்தில் பார்த்தேன். வேகமாக வந்தவர்கள், முனகிக்கொண்டு வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண். எல்லார் முகத்திலும் சூடு தெரிந்தது. தெரிந்தும் வந்தார்கள். பாலில் கால் பட்டதும் முகம் அப்படியே அவிழ்ந்தது. அவர்கள் என் கையைப் பிடித்த பிடியில் மணிக்கட்டு வலித்தது. வலிக்கிறது என்பதை நான் கவனித்தேன். என் வாழ்க்கையில் அந்த முகங்களைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. முப்பது வருடம் ஊர் சுற்றியும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. இரண்டு வாரத்தில் நாக்கு எரிச்சல் போனது. டாக்டர் வாரம் ஒரு முட்டையாவது சாப்பிடச் சொன்னார், நாலு சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் மூச்சு வாங்காமல் தண்ணீர்க் குடம் தூக்கினேன். விரல்தான் முதலில் திரும்பியது. ஒரு நாள் பட்டு நூலை உதறும்போது அது விரலிடுக்கில் வழுக்கியது தெரிந்தது. இரண்டு வருடமாகத் தினமும் தொட்ட நூல். அன்றுதான் பட்டு இப்படியா இருக்கும் என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரி, “இன்னா சாமி, நூல முழுங்கிடாத” என்றார். அதற்குள் அவருக்குக் கோபம் போயிருந்தது. ‘சாமி’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. அது மறுபடி கேலியாகிவிட்டது.

டாக்டர் மாதாமாதம் அந்தக் கவையைத் தட்டி வைப்பார். ரீங்காரம் முழங்காலிலிருந்து இறங்கி, கெண்டைக்கால் எலும்பின் நடு, கணுக்கால் என்று ஒவ்வொரு படியாகக் கீழே போனது. கணுக்காலில் தெரிந்த அன்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மறுபடி ஒரு முறை தட்டி வைத்தார், நான் உணர்ந்து பார்ப்பதற்காக. கட்டைவிரல் நுனி மட்டும் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை.

மறு வருடம் பங்குனி கடைசி. வழக்கம்போல மத்தியானம் சாப்பிடப் போனேன். பிராகாரத்தில் யாருக்கோ வழி விட விரிப்பிலிருந்து கீழே இறங்கினேன். உள்ளங்காலில் சுரீரென்றது. “ஆ” என்று கத்திக்கொண்டு துள்ளி, ஒற்றைக் காலில் தாவி விரிப்பில் ஏறினேன். பக்கத்தில் போனவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இறங்கி மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடி சுட்டது. அப்படியே நின்று கண்ணை மூடினேன். கொஞ்சம் அசைவு இருந்தது, ஆனால் விழவில்லை. கீழே தரை இருந்தது.

வாசலுக்கு ஓடி டோக்கன்காரம்மாவிடம் சொன்னேன். அவர் கணவர் ஊன்றுகோலோடு அன்று அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மாதம் ஒரு ஊசி போய்க்கொண்டிருந்தது. இருக்கிற காலில் செருப்பின் வார் உறுத்துவது இப்போதெல்லாம் தெரிகிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

“உறுத்தட்டும்யா” என்றார் அந்தம்மா. பிறகு என்னைப் பார்த்து, “அருள் போச்சா சாமி? இனிமே நீயும் எங்கள மாதிரி குதிச்சிகினுதான் ஓடணும்” என்று என் செருப்புகளை எடுத்துப் போட்டார். இரண்டும் இருந்தன.

இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். மாதம் ஒரு ஊசி இருப்பதால் தூரமாகப் போக முடிவதில்லை, போகவேண்டும் என்றும் முன்போல் தோன்றுவதில்லை. வெயில் காலத்தில் கோயிலுக்குப் போனால் விரிப்பை விட்டு ஓரடி வெறும் கல்லில் இறங்கி வைப்பேன். சுட்டதும் காலை எடுத்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த கும்பிடு அது ஒன்றுதான்.